சுடுபாலுக்குத் தாங்கும் அவல்

திருநகரில் வசித்த செல்வரத்தினம் அவர்கள் காலமான செய்தி, நான் நீதிமன்றத்திற்குப் புறப்படும் வேளையில் அவருடைய மகள் மூலம் வந்தது. அவரை அறிந்த உங்களுக்காக, நான் நேரில் கண்டதை மட்டும் எழுதுகிறேன். பிறர் சொல்லக் கேட்டதைச் சேர்க்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர் அவர். அவனியாபுரத்தில் ஒரு பட்டறைக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, திருமங்கலத்துப் பக்கம் விளையும் மக்காச்சோளத்தை வாங்கி, கார்ன் ஃப்ளேக்ஸ் என்னும் சோள அவல் தயாரித்தார். நான் அறிந்தவரையில் இப்பகுதியில் அதுவே முதல் முயற்சி. இட்லி அவியாத காலையைக் காலையென்றே ஒப்புக்கொள்ளாத ஊர் இது. நான் அவருடைய வழக்கறிஞர்.

முதல் சரக்கு கடைகளுக்குப் போன வேகத்தில் திரும்பியது. அதை வாங்கி விற்ற திருமங்கலத்து மொத்த வியாபாரி, பொருள் தரமற்றது என்று வக்கீல் நோட்டீஸும் அனுப்பினார். அவர் விலகினால் கூடத்தை மூடுவதைத் தவிர வழியில்லை. பெட்டியில் "பாலுடன் உண்ணவும்" என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்ததால், பொறுப்பை மறுத்துப் பதில் தயாரித்துச் செல்வரத்தினத்திடம் காட்டினேன்.

"வடிவா எழுதியிருக்கிறியள், தம்பி. ஆனா சனம் ஏன் திருப்பித் தருகுதெண்டு இதிலை இல்லையே. வாங்கோ, போய்க் கேப்பம்."

நோட்டீஸ் அனுப்பியவரை நேரில் காண்பது உசிதமல்ல என்றேன். அவர் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.

வியாபாரியின் மனைவி எங்கள் கண்முன்னே கொதிக்கும் பாலை ஊற்றிக் காட்டினார். எல்லாம் குழைந்தது.

"பாத்தீகளா அண்ணே, கஞ்சியாப் போச்சு. பல்லு போன எங்க மாமனாருக்குத்தேன் ஆகும்."

"ஆறின பால் விட வேணும், தங்கச்சி."

"ஆறுன பாலா? பிள்ளைகளுக்குச் சளி பிடிச்சா நீங்களா வந்து தைலம் தேய்ப்பீக?"

செல்வரத்தினம் உரக்கச் சிரித்தார். திரும்பும் வழியில், பெட்டியில் "குளிர்ந்த" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் சட்டப்படி போதுமானது என்றேன்.

"சட்டத்துக்குப் போதும். அந்தத் தங்கச்சி சூடாத்தான் விடும். அவல்தான் மாற வேணும்."

சோளத்தைத் தட்டையாக்கும் உருளைகளின் இடைவெளியைக் கூட்டி அவலைத் தடிப்பாக்கினார், வறுப்பதையும் மாற்றினார். சில ஈடுகள் கருகின, சில பல்லுக்குப் பிடிகொடுக்கவில்லை. சரியாக வந்ததை முதலில் அதே வீட்டுக்கு எடுத்துச் சென்றார்; நானும் உடன் போனேன். அந்த அம்மையார் சுடுபாலை ஊற்றிவிட்டு, வேண்டுமென்றே துணிகளை மடித்து வைத்துவிட்டு வந்து, ஒரு கரண்டி மென்றார்.

"இம்புட்டு நேரங்கழிச்சும் மொறுமொறுன்னுதேன் இருக்கு" என்று கணவரிடம் சொன்னார். நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. கூடம் மூடப்படவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு வழக்கம். நோட்டீஸோடு வரும் கட்சிக்காரரிடம், பதில் எழுதுமுன் அனுப்பியவரை ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன். அவர்களுள் சிலர் பிறகு என்னிடம் திரும்பி வருவதில்லை.