வெளிச்சுவரில் ஓடிய குழாய்

அல்ஷிஃபா விமானம் ஏறியது 2024 ஜூன் 21, வெள்ளிக்கிழமை. பக்ரீத் முடிந்து நாலாம் நாள். திருச்சி விமான நிலைய வாசலில் அவளுடைய அம்மா சாரா பீவி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் எல்லோருக்கும் சமோசா கொடுத்துக்கொண்டிருந்தார். வேணிக்கு மட்டும் இரண்டு.

"நீ சொல்லிக் குடுத்துத்தாம்மா எம்பொண்ணு ஸ்காட்லாந்து போறா. அல்லாஹ் உன்னை நல்லா வைப்பான்."

வேணி சிரித்துவைத்தாள். சமோசா இரண்டையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

போயிருக்க வேண்டியது அவள்தான். தில்லைநகர் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஸ்காட்லாந்தில் கட்டும் வீடுகளுக்கு, வீடு முழுவதும் சூடு பரப்பும் குழாய் அமைப்பை வரைந்து அனுப்பும் அலுவலகம் அது. வெளியே நாற்பத்தொரு டிகிரி கொளுத்தும். உள்ளே ஏசியைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு, பார்த்தே இராத பனிக்கு எதிராகக் கோடு போடுவார்கள்.

வேணி மண்ணச்சநல்லூர்க்காரி. அப்பா வீரமலை, அரிசி ஆலை ஒன்றில் பாய்லர் பார்த்தவர். நெல் அவிக்கும் நீராவி எந்தக் குழாயில் ஏறி எங்கே இறங்கும் என்பது பத்து வயதிலேயே அவளுக்குத் தெரியும். டிப்ளமோ முடித்து இங்கே சேர்ந்து ஏழு வருடம். உறையூரிலிருந்து புதிதாக வந்த அல்ஷிஃபாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கியதும் அவள்தான்.

"செவுத்துல மாட்டற இந்த ரேடியேட்டருக்குள்ள போற தண்ணி எங்கக்கா வெளிய வரும்? பைப்பைத் தொறந்து விட வேணாமா?"

"வெளிய வராதுடி. பாய்லர்ல சூடாகி, ரூம் ரூமா சூட்டை விட்டுட்டு, ஆறிப்போய் பாய்லருக்கே திரும்பிடும்."

"இது தரைக்கடியில சுருட்டி வெச்சிருக்கே?"

"அதுவும் அதே வேலைதான். செவுத்துக்குப் பதிலா காலுக்குக் கீழ. சில வீட்டுல தண்ணியே கிடையாது, சுடுகாத்தை டக்ட்னு பெரிய தகரக் குழாய்ல அனுப்புவாங்க. ஹீட் பம்ப்னா நம்ம ஏசியைத் திருப்பி மாட்டினதா நெனச்சுக்க. வெளிய இருக்கற சூட்டை உள்ள இழுக்கும்."

"பனியில ஏதுக்கா சூடு?"

"கொஞ்சூண்டு இருக்கும். அதையும் விடமாட்டான் வெள்ளைக்காரன்."

ஒன்றரை வருடம் கழித்து, நேரில் வந்து வேலை செய்ய ஓர் ஆள் வேண்டும் என்று ஸ்காட்லாந்து நிறுவனத்தில் கேட்டார்கள். வீடியோ நேர்காணலில் எல்லாக் கேள்விக்கும் வேணி பிசகில்லாமல் பதில் சொன்னாள். அல்ஷிஃபா பாதிக்குத் திணறினாள். ஆனால், "உங்க வீட்டுல எந்த ரூம் ரொம்பக் குளிரும்?" என்று அவர்களையே திருப்பிக் கேட்டாள். கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் தன் வீட்டுப் பின்னறையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அல்ஷிஃபாவுக்கு வேலை கிடைத்தது.

"ஆறு மாசம் பாப்பாங்க," என்றார் மேலாளர் மாதவன். "சரிப்படலைன்னா அடுத்து நீங்கதான் வேணி."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேணி நாட்களை ஓட்டினாள். அங்கிருந்து அல்ஷிஃபாவின் புகைப்படங்கள் வரும். ஒன்றில், ஈரக் காலுறையை ரேடியேட்டர்மேல் காயப்போட்டு, ரேடியேட்டரைத் தொட்டுக்கொண்டு நின்றாள். வேணி அந்தக் கையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஏழு வருடமாக வரையும் பொருளை அவள் ஒருநாளும் தொட்டதில்லை.

அக்டோபரில் பதினான்கு வீடுகளுக்கு அல்ஷிஃபா வரைந்த படம் சரிபார்க்க வேணியிடம் வந்தது. அந்த வீடுகளில் மாட்டும் வகை பாய்லர் ஓடும்போது துளித்துளியாகத் தண்ணீர் கசியும். அதை வடிக்கும் மெல்லிய குழாய் வீட்டுக்குள்ளேயே இறங்க வேண்டும். வெளியே விட்டால் பனியில் உறைந்து அடைத்துக்கொள்ளும், பாய்லர் நின்றுவிடும். அல்ஷிஃபா அதை வெளிச்சுவரில் இறக்கியிருந்தாள். திருச்சியில் எந்த வீட்டில் குழாய் வெளிச்சுவரில் ஓடவில்லை? புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் செய்யும் தவறுதான். ஒவ்வொரு முறையும் வேணிதான் திட்டித் திருத்துவாள்.

இந்த முறை பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு 'சரிபார்த்தவர்' கட்டத்தில் தன் பெயரை அடித்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

ஜனவரியில் ஒரே காலையில் ஒன்பது வீடுகளில் பாய்லர் நின்றது. ஒரு வீட்டில் கைக்குழந்தை இருந்ததாம். மாதவன் அழைத்தபோது வேணி அவர் அறைக்குப் போய் உட்காராமலே நின்றாள்.

"பயப்படாதீங்க, உங்க மேல ஒண்ணும் இல்ல. சரிபார்த்து வந்த பிறகு நான்தான் பைப்பை மாத்துனேன்னு அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்திருச்சு."

"வேலை போயிடுமா சார்?"

"அதெங்க! கெட்டில்ல சுடுதண்ணி எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போயி பைப்புல ஊத்தியிருக்கா. அந்த ஜனங்களே இந்தப் பொண்ணை அனுப்பக் கூடாதுன்னுட்டாங்க. நிரந்தரம் பண்ணிட்டாங்க."

தப்பித்தோம் என்ற நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள் என்றுதான் வேணிக்கு எரிந்தது. அப்படி எரிந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. 'மன்னிச்சுக்கோ' என்று பலமுறை தட்டி அழித்தாள். அல்ஷிஃபாவின் புகைப்படங்கள் வருவது நின்றுபோனது.

செப்டம்பரில், மதியச் சாப்பாட்டின்போது, அல்ஷிஃபாவிடமிருந்து செய்தி வந்தது.

"வேணிக்கா, அந்தப் பைப்பை நீங்க பாத்தீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க எதையும் பாக்காம விட்டதில்ல. இங்க இன்னொரு ஆள் எடுக்கறாங்க. உங்களைப் பத்தி என்கிட்ட கேட்டாங்க. உங்களை மிஞ்ச ஆளில்லைன்னு சொன்னேன். அது உண்மை. என் டீம்ல மட்டும் போடாதீங்கன்னும் சொன்னேன்."