ஞானஸ்நான வகுப்பில் நான் கேட்ட கேள்வி

என் மகளின் ஞானஸ்நான வகுப்பில் நான் போய் உட்கார்ந்தது பாடம் படிக்க இல்லை. கண்காணிக்கத்தான் போனேன். இதை முதலிலேயே அவளிடம் ஒப்புக்கொண்டிருந்தால் எங்களுக்குள் பாதிச் சண்டை வந்திருக்காது.

பாயான் பாருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருடமாகச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் சர்க்யூட் பலகைகளை வைத்து, நல்லதை ஒரு பக்கமும் கழிக்க வேண்டியதை இன்னொரு பக்கமும் ஒதுக்குகிற வேலை. ரொம்ப மினுமினுப்பாக வரும் பலகையைத்தான் நான் இரண்டாம் முறை எடுத்துப் பார்ப்பேன். மனிதர்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன் என்று மகள் சொல்வாள். தப்பில்லை.

அவள் ஒரு கத்தோலிக்கப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது நான் மறுக்கவில்லை. தீவுக்கு அக்கரையில், கடல் பாலத்தைத் தாண்டி இருக்கும் புக்கிட் மெர்தாஜாம் குடும்பம், மரியாதையான மனிதர்கள். பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க பொண்ணு மதம் மாறணும்னு நாங்க கேக்கவே மாட்டோம். சர்ச்சுல பர்மிஷன் வாங்கித் தாலி கட்டலாம் லா, அது ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார். நானும் நம்பினேன். இரண்டு வாரம் கழித்து மகள் சமையலறை வாசலில் நின்று, "அம்மா, நான் ஞானஸ்நானம் எடுத்துக்கப் போறேன்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

யாரும் கேட்கவில்லை, ஆனால் அவள் எடுக்கப் போகிறாள். எனக்கு அங்கேதான் உறுத்தியது. வற்புறுத்தினால் எதிர்த்து நிற்கலாம். சிரித்துக்கொண்டே கையைப் பிடிப்பவர்களை என்ன செய்வது? வகுப்புக்கு நானும் வருவேன் என்றேன். அவள் ஆசிரியரிடம் கேட்டாள். அவர் தாராளமாக வரச் சொன்னாராம். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜார்ஜ்டவுனில், தமிழ்ப் பூசை முடிந்த பிறகு, சர்ச்சை ஒட்டிய மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. எங்களோடு சேர்த்து ஒன்பது பேர். ஆசிரியருக்கு நாற்பது வயதிருக்கும். வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். என்னை அக்கா என்றார், நான் சார் என்றேன். முதல் மூன்று வாரம் நான் வாயே திறக்கவில்லை. சாமி படங்களைத் தூக்கிப் போடச் சொல்வார், திருநீறைப் பற்றிக் கேலியாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் இருப்பதால் அடக்கி வாசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது வாரம்தான் மூவொரு கடவுள் பாடம். தந்தை ஒரு ஆள், மகன் ஒரு ஆள், தூய ஆவி ஒரு ஆள். ஆனால் மூன்று கடவுள் இல்லை, ஒரே கடவுள். கணக்கு வாத்தியார் இதைச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஃபேக்டரியில் மூன்று ஆள் என்றால் மூன்று கார்டு, மூன்று சம்பளம்.

"சார், எங்களுக்கும் மும்மூர்த்தி இருக்கு. ஒருத்தர் படைக்க, ஒருத்தர் காக்க, ஒருத்தர் அழிக்க. அதைத்தான் நீங்க வேற பேர்ல சொல்றீங்களா?"

"இல்லக்கா. இங்க வேலைய பிரிச்சுக்கிறது இல்ல. மூணு பேரும் சேர்ந்துதான் எல்லாத்தையும் செய்றாங்க."

"அப்புறம் எதுக்கு மூணு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மகள் குனிந்துகொண்டாள். நான் விடவில்லை. "வகுப்பு ஆரம்பிக்கும்போது நெத்தியில கை வச்சு மூணு பேரையும் சொல்றீங்க. ஆனா 'பெயராலே'ன்னு முடிக்கிறீங்க. 'பெயர்களாலே'ன்னு இல்ல வரணும்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, பாடமே அதுதான். பேரு ஒண்ணுதான். நல்லா கவனிச்சிருக்கீங்க."

என்னைப் புகழ்ந்து மயக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது. உடனே அவர் வெள்ளைப் பலகையில் மூன்று வட்டம் போட்டார். தண்ணீர், ஐஸ், ஆவி. "ஒரே தண்ணிதான். குளிர்ந்தா ஐஸ், கொதிச்சா ஆவி. கடவுளும் அப்படித்தான்." எல்லாரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். மகளும் எழுதினாள்.

எனக்கு முந்தின வாரப் பாடம் ஞாபகம் வந்தது. ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் வாங்கும்போது, அவர் தண்ணீரில் நிற்கிறார், ஆவி புறா மாதிரி இறங்குகிறது, மேலேயிருந்து தகப்பன் குரல் கேட்கிறது. கையைத் தூக்கினேன்.

"சார், ஐஸா இருக்கும்போது அதே தண்ணி ஆவியா இருக்காதே. போன வாரம் மூணும் ஒரே நேரத்துல அங்க இருந்துச்சுன்னு சொன்னீங்க. அப்புறம், சாகறதுக்கு முந்தி அவரு தோட்டத்துல அழுதுக்கிட்டு வேண்டினாருன்னும் சொன்னீங்க. நீங்க சொல்ற மாதிரின்னா அவரு யாருகிட்ட வேண்டினாரு? தனக்குத்தானே பேசிக்கிட்டாரா?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். "நல்ல கேள்விக்கா. அடுத்த வாரம் சொல்றேன்" என்றார்.

பிடிபட்டுவிட்டார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் கார் ஓட்டிக்கொண்டிருந்த மகள், சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"நீ கத்துக்க வர்றியா, உளவு பாக்க வர்றியா?"

"கேள்வி கேட்டா உளவா?"

"கேள்வி தப்பில்லம்மா. ஜெயிச்ச மாதிரி சிரிச்ச பாரு, அதுதான்."

விளக்கு பச்சையானது.

அந்த வாரம் நான் செய்தது எனக்கே பெருமையான காரியம் இல்லை. அவள் வேலைக்குப் போன பிறகு அவளுடைய வகுப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர், ஐஸ், ஆவி படத்தின் மேல் குறுக்கே கோடு போட்டிருந்தாள். பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரி: "இதை சாரிடம் தனியாகக் கேட்கணும். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

நான் நினைத்தது சரிதான், எனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது. நோட்டை இருந்த மாதிரியே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று நான் கழித்துப் போட்ட பலகைகளில் பாதி நல்ல பலகைகள் என்று மேலாளர் திருப்பி அனுப்பினார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மறைத்துவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் பலகையில் எதுவும் எழுதாமல் நின்றார்.

"போன வாரம் நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்" என்றார். "அந்தத் தண்ணி உதாரணத்த ரொம்ப வருஷமாச் சொல்லிக்கிட்டு வர்றேன். யாரும் கேக்கல. அக்கா கேட்டப்புறம் ஃபாதர்கிட்ட போய்க் கேட்டேன். ஒரே ஆள் மூணு வேஷம் போடறாருன்னு சொல்றது பழைய காலத்துலயே சபை தள்ளிவச்ச தப்பாம். அதைத்தான் நான் பாடமா நடத்திக்கிட்டு இருந்திருக்கேன். நோட்டுல எழுதினவங்க அடிச்சுருங்க."

ஒன்பது பேர் முன்னால் ஒரு வாத்தியார் தப்பென்று ஒப்புக்கொள்வதை நான் பார்த்ததில்லை. இதுவும் ஒரு வித்தையோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவருடைய காது மடல் சிவந்திருந்தது. வித்தை காட்டுகிறவருக்குக் காது சிவக்காது.

"இப்ப நான் ஒண்ணு கேக்கவா?" என்றார் என்னைப் பார்த்து. "நீங்க எப்பக்கா அம்மா ஆனீங்க?"

"இவ பொறந்தப்ப."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி எப்படி? பிள்ளை இல்லாம அம்மா ஏது?"

"அதேதான். கடவுள் ஒரு நாள் திடீர்னு தகப்பன் ஆகல. எப்பவுமே தகப்பன். அப்படின்னா எப்பவுமே மகனும் இருக்கணும். மகன் இல்லாத தகப்பன் இல்ல. ஒருத்தர் இன்னொருத்தர் இல்ல, ஆனா ஒருத்தர விட்டு இன்னொருத்தர் இருந்ததே இல்ல. தோட்டத்துல மகன் பேசினது தகப்பன்கிட்ட. தனக்குத்தானே இல்ல."

நான் பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தேன். அவளுக்கு இருபத்தாறு வயது. நான் அம்மாவாகியும் இருபத்தாறு வருடம்தான். இத்தனை நாள் இதை நான் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. அவர் சொன்னதை ஃபேக்டரிப் பலகை மாதிரிப் புரட்டிப் பார்த்தும் எனக்கு விரிசல் எதுவும் தெரியவில்லை. அது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

"சரி, அந்த மூணாவது ஆள்?" என்றேன்.

"தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவுல இருக்கற அன்புன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"அன்பு எப்படி சார் ஆளாகும்?"

"எனக்கு அது முழுசா புரியலக்கா. நம்புறேன். ஆனா உங்களுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வார்த்தை பத்தல. இன்னொரு தப்பான உதாரணம் சொல்ல வேணாம்னு பாக்கறேன்."

வகுப்பு முடிந்ததும் எல்லாரும் கீழே இறங்கினார்கள். மகள் கைப்பையைத் தேடுவது போலத் தாமதித்தாள். நான் படி வரை போய்த் திரும்பினேன். ஆசிரியரின் மேசைக்கு முன்னால் அவள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் நேராகப் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"எனக்குத் தெரிய வேண்டாத விஷயத்த இப்ப என் முன்னாடியே கேளு."

அவள் சட்டென்று திரும்பினாள். "நோட்ட பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டாள். என் கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. வருடா வருடம் அவருக்குப் படையல் போடுகிறோம். ஞானஸ்நானம் வாங்கிய பிறகு அப்பாவின் படையலில் நிற்கலாமா, கூடாதா? அதைத்தான் அவள் கேட்க நினைத்திருக்கிறாள். கூடாது என்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால்தான் எனக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தாள்.

ஆசிரியர் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். தான் முடிவு சொல்லக் கூடாது, ஃபாதரைக் கேட்க வேண்டும் என்றார். அந்த வாரமே நாங்கள் மூவரும் போய்க் கேட்டோம். ஃபாதர் சுற்றி வளைக்கவில்லை. அம்மாவோடு சேர்ந்து சமைக்கலாம், படத்துக்குப் பூ வைக்கலாம், அப்பாவை நினைத்து ஜெபிக்கலாம், எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். சூடம் காட்டிக் கும்பிடுவது மட்டும் கூடாது என்றார்.

எனக்கு அது குத்தியது. ஆனால் அன்றுதான் அந்த மனிதர்களை நான் கொஞ்சம் நம்ப ஆரம்பித்தேன். ஒன்றும் மாறாது, எல்லாம் பழையபடியே இருக்கும் என்று சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையைக்கூட நம்பியிருக்க மாட்டேன்.

ஈஸ்டருக்கு அவள் ஞானஸ்நானம் வாங்கினாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதத்தில் கல்யாணமும் நடந்தது. அதற்குப் பிறகு வந்த முதல் படையலுக்கு மகள் தாசேக் கெலுகோர் போய் என் அண்ணன் வீட்டிலிருந்து வாழை இலை வெட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள். அப்பாவுக்குப் பிடித்த நண்டுக் குழம்பை அவளே வைத்தாள். நான் சூடத்தைக் கொளுத்தியபோது பின்னால் தள்ளிப்போய்ச் சுவரோரம் கண்ணை மூடி நின்றாள். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அந்தக் குணம் என்னை விட்டுப் போகவில்லை.

சாப்பிட்டு முடித்து மருமகன் முன்னறையில் படுத்துவிட்டார். நாங்கள் இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அந்த மூணு ஆள் கணக்கு உனக்காவது புரிஞ்சுதா?"

"இல்லம்மா."

"புரியாமலா மாறின? உன் புருஷனுக்காகத்தானே?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அவருக்காக நான் சர்ச்சுக்குப் போகல. அவரையே நான் அங்கதான் பாத்தேன். அப்பா போனப்புறம் நீ ரெண்டு ஷிஃப்ட் பாத்த இல்ல, அப்ப ஆபீஸ்ல ஒரு அக்கா கூட்டிட்டுப் போனாங்க. சும்மா போய் உக்காந்திருந்தேன். கடவுள் எப்பவுமே தனியா இருந்தது இல்லன்னு அன்னிக்கு ஃபாதர் பிரசங்கத்துல சொன்னாரு. உலகம் உண்டாகறதுக்கு முந்தியே தகப்பனும் மகனும் ஆவியும் ஒருத்தருக்கொருத்தர் இருந்தாங்கன்னு. எனக்கு வேற எதுவும் காதுல விழல. அது மட்டும் விழுந்துச்சு."

அந்தப் பையனையும், அவனுடைய அம்மாவின் சிரிப்பையும், கணக்கு வாத்தியாரையும் நான் ஒரு வருடமாகத் துருவிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்குள் பார்க்கவில்லை.

"இதை ஏன் எங்கிட்ட அப்பவே சொல்லல?"

"நான் வர்றப்பல்லாம் நீ தூங்கிட்டு இருப்பம்மா" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. மீதிக் குழம்பை டப்பாவில் ஊற்றி மூடினாள். கடல் பாலத்தில் நெரிசல் ஆரம்பிக்கும் முன் கிளம்ப வேண்டும் என்று புருஷனை எழுப்பப் போனாள்.