முன்பாரம், பின்பாரம்

“படிச்ச தம்பி, ஒரு சாண் முன்னால தள்ளி உக்காருங்க. வண்டி பின்பாரமா இருக்கு. செல்லாயிக்கு வயித்துப்பட்டை இழுக்குது.”

கோவில்பட்டி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டிக்காரர் இன்னாசிராஜ் என்னிடம் முதன்முதலாகப் பேசியது இதுதான். பாளையங்கோட்டையில் பி.ஏ. பரீட்சை எழுதிவிட்டு டிரங்குப் பெட்டியோடு நான் வந்து இறங்கிய சித்திரை மாதம் அது. படித்தவன் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். “பெட்டியத் தூக்குனது நாந்தானே தம்பி. துணிமணிக்கு இந்தக் கனம் வராது” என்றார். எங்கள் ஊரிலிருந்து பி.ஏ. வரை போனவன் நான் ஒருவன்தான். அந்தக் கனத்தை ஒருவர் கையால் தூக்கிப் பார்த்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னாசிராஜின் கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம் தொங்கும். அவருடைய குதிரை செல்லாயியின் கழுத்தில், பேயோட்டுகிற கோடாங்கி மந்திரித்துக் கொடுத்த கறுப்புக் கயிறு. குதிரைக்கு ஊறவைத்த கொள்ளில் ஒரு பிடியை மடியில் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் தானும் மென்றுகொண்டே வருவார். சாட்டைக்கம்பு இருக்கிறது, குதிரை மேல் விழுந்து நான் பார்த்ததில்லை. அதைச் சக்கரத்தின் ஆரக்கால்களில் கொடுத்துக் கடகடவென்று ஓசை எழுப்புவார். செல்லாயி புரிந்துகொண்டு நடையைக் கூட்டும்.

சில சவாரிகளில் மட்டும் அந்த ஓசை இருக்காது. சித்தம் கலங்கியவர்களை ஏற்றிப்போகும் சவாரிகள் அவை. மற்ற வண்டிக்காரர்கள், “அந்தா இன்னாசி நிக்கான், அவங்கிட்டப் போங்க” என்று கைகாட்டிவிடுவார்கள். கோடாங்கி வீடு, அந்தோணியார் கோயில், நாட்டு வைத்தியர், ஆஸ்பத்திரி, சென்னை மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரயில், எல்லாவற்றுக்கும் அவர் வண்டிதான். “பேயின்னு சொல்லி ஏத்துனதும் உண்டு, பித்தம்னு சொல்லி ஏத்துனதும் உண்டு. ரெண்டும் ஒரே கனந்தான்” என்பார்.

அவர் வண்டியில் யாரையும் கட்டிவைத்துக் கொண்டுபோக முடியாது. “என் வண்டியில கட்டு குதிரைக்கு மட்டுந்தான்.” கூட வருகிற சொந்தக்காரர்களிடம் அவர் அதிகம் பேசமாட்டார். நோயாளியிடம்தான் பேச்சு. வெயில், கம்புக் கதிர், எதிரே வருகிற லாரி. பதில் வருகிறதா என்று கவலைப்படுவதில்லை. நோயாளியைத் தமக்குப் பக்கத்தில், முன்பாரத்துக்கு உட்காரவைப்பார்.

கல்லூரியில் நான் படித்த பாடங்களில் மனோதத்துவமும் ஒன்று. ஒரு சவாரியில் அதைப் பெருமையோடு எடுத்துச் சொன்னேன். மூளையில் உண்டாகும் கோளாறு என்று ஓர் அத்தியாயம், சிறு வயதில் அமுங்கிப்போன பயம் என்று ஓர் அத்தியாயம், பழகிப் படிந்துபோன வழக்கம் என்று இன்னொன்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

“அப்ப உங்க புஸ்தகத்துலயும் ஒருத்தர் சொல்லுதது ஒருத்தருக்கு ஆகாதா? எங்க கோடாங்கியும் வைத்தியரும் மாதிரியேல்லா இருக்கு!”

“ஒருவர் பார்க்காத பக்கத்தை இன்னொருவர் பார்க்கிறார் அண்ணாச்சி” என்றேன்.

“அது சரி. வண்டி பள்ளத்துல இறங்குனா ஒரு பக்கம் மட்டும் பாத்தா ஆகுமா?”

அவருக்கென்றும் ஒரு கட்சி இருந்தது. கயத்தாற்றுச் சாலையில் ஒருமுறை லாரிச் சத்தத்துக்கு மிரண்ட செல்லாயி, பிறகு அந்த இடம் வந்தாலே நின்றுவிடுமாம். அவர் இறங்கிக் கூடவே நடந்து நடந்துதான் அந்தப் பயத்தைத் தெளியவைத்தாராம். மனுஷருக்கு வருவதும் அந்த மிரட்சிதான் என்பது அவர் எண்ணம். எல்லோருக்கும் அதுவேதான் என்று நினைத்து ஒருவர் விஷயத்தில் ஏமாந்தும் போனார். அந்தக் கதையை நான் கேட்டது எங்கள் வீட்டுச் சவாரியில்.

அந்த ஐப்பசியில் என் அக்கா சொர்ணத்தாய்க்கு எங்கள் வீட்டில் பிரசவம் ஆயிற்று. வாரம் திரும்புவதற்குள் அவள் பேச்சு மாறியது. பிள்ளை தன்னுடையது அல்ல, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றாள். கிட்டே கொண்டுபோனால் அலறினாள். கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தியின் பெயரைச் சொல்லி, அவள்தான் பிடித்திருக்கிறாள் என்றது ஊர். பிள்ளை பெற்றவர்களுக்கு இப்படி வருவது உண்டு, வைத்தியமும் உண்டு, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சொன்னதற்கு, “நாலெழுத்துப் படிச்சிட்டா பேயும் ஓடிருமோ மாப்பிள்ளை?” என்று கேட்டார் அத்தான் கருத்தப்பாண்டி. அத்தான் கெட்டவர் அல்ல. சாப்பிடவுமில்லை, பிள்ளையைக் கையைவிட்டு இறக்கவுமில்லை. அந்தோணியார் கோயிலில் அக்காளைக் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. குணமாகும்வரை அங்கேதான். ஆகாவிட்டால் என்ன என்பதை யாரும் பேசவில்லை.

வண்டி பிடித்துவர நான்தான் போனேன். இன்னாசிராஜ் வந்து, தூணோடு கட்டியிருந்த அக்காளைப் பார்த்தார்.

“கட்டை அவுத்துவிடுங்க.”

“ஓடிருவா” என்றார் அத்தான்.

“ஓடுனா செல்லாயி பிடிச்சிருவா. அவளுக்கு நாலு காலு இருக்குல்லா?” என்றவர் அக்காளிடம் திரும்பினார். “தாயி, வண்டி பின்பாரமா இருக்கு. நீங்க முன்னால வந்தாத்தான் ஓடும்.”

முணுமுணுத்துக்கொண்டே அக்கா வந்தாள். கைகொடுத்து ஏற்றியவர் முகம் சட்டென்று மாறியது. “காய்ச்சல் எப்பயிருந்து?”

“பெத்த உடம்பு, சூடாத்தான இருக்கும்” என்றாள் அம்மா.

அவர் வண்டியைக் கிளப்பினார். ஊரைத் தாண்டி, ஒரு பாதை கோயிலுக்கும் மற்றொன்று டவுனுக்கும் பிரிகிற இடத்தில் நிறுத்தி, அத்தான் பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். முன்னால ஒரு பையன் இப்படித்தான் பிதத்துனான். மிரட்சின்னு நினைச்சு, கோயிலுக்கு மெள்ள ஓட்டிட்டுப் போனேன். அது மூளைக் காய்ச்சல். ஆள் பிழைச்சிட்டான், காது போச்சு. இப்பவும் என்னப் பாத்தா கும்பிடுதான். அதத்தான் தாங்க முடியல. அந்தோணியார் ராவும் பகலும் கோயில்லதான் இருப்பாரு. டாக்டரு இருட்டுக்கு முன்னால வீட்டுக்குப் போயிருவாரு. மொதல்ல அவரைப் பாப்போம்.”

அத்தான் என்னைப் பார்த்தார். பிரசவத்துக்குப் பின் சித்தம் கலங்குவது உண்டு, வைத்தியமும் உண்டு என்று நான் முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னேன். இந்தமுறை அவர் காதில் விழுந்தது. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்னதால் என் படிப்புக்கும் அன்று மரியாதை கிடைத்தது.

டவுன் பாதையில் கரிசல் மண் இளகிக் கிடந்தது. சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. தள்ளுவதற்கு மூன்று ஆண்களும் இறங்கினோம். அம்மா கையில் பிள்ளை. இன்னாசிராஜ் கடிவாள வாரை அக்காள் கையில் கொடுத்தார்.

“ஐயோ, அவ கையிலயா!” என்றாள் அம்மா.

“விட்டுராதீங்க தாயி. விட்டா நாம எல்லாரும் இங்கனயே பருத்தி மாதிரி முளைக்க வேண்டியதுதான்.”

அக்கா வாரைப் பிடித்தாள். செல்லாயியின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முணுமுணுப்பு நின்றிருந்தது. சக்கரம் மேலேறியதும் இன்னாசிராஜ் வாரைத் திரும்பக் கேட்கவில்லை. தாம் குதிரையோடு நடந்தே வந்தார்.

பிரசவ சன்னி, ரத்தத்தில் விஷம் கலந்திருக்கிறது, இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். ஊசியில் காய்ச்சல் இறங்கியது. பயம் அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. பிள்ளையைத் தொட அவளுக்குத் தை மாதம் வரை ஆயிற்று. அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும்போதெல்லாம் அவளுக்கு முன்பாரத்து இடம்தான். அம்மா நேர்ந்துகொண்டபடி அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றவும் அதே வண்டியில் போனோம். “பிந்தி வந்ததுக்கு அவிய கோவிச்சுக்க மாட்டாவ” என்றார் இன்னாசிராஜ். டாக்டருக்கும் ஊசிக்கும் அந்தோணியாருக்கும் எங்கள் வீட்டில் நன்றி உண்டு. அதைச் சொல்லும்போது அம்மா எப்போதும் செல்லாயியில்தான் ஆரம்பிப்பாள்.

இன்னாசிராஜ் இப்போதும் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறார். நான் இங்கே உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். போன வாரம் அக்காளும் அத்தானும் மகனோடு ரயிலை விட்டு இறங்கினார்கள். அவர்கள் வண்டியில் ஏறி அமர்ந்ததும், குதிரைக்குத் தண்ணீர் காட்ட வாளியை எடுத்த இன்னாசிராஜ், திரும்பிக்கூடப் பார்க்காமல் வாரைப் பின்பக்கம் நீட்டினார். வாங்கிக்கொள்ள அத்தான் கை நீட்டினார். அதற்குள் அக்கா அதை வாங்கிக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மடியில் மகனோடு, யாரும் சொல்லாமலே ஒரு சாண் முன்னால் தள்ளி உட்கார்ந்தாள்.