பீடி குடிக்காத பீடி சார்

காலண்டர் சீசனில் எங்கள் அச்சகத்துக்குள் நின்று போன் பேசுவதும் ஓடுகிற ரயிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசுவதும் ஒன்றுதான். அன்று காலை பாண்டியம்மாள் கூப்பிட்டபோது கட்டிங் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, "என்னம்மா, சத்தமாச் சொல்லு" என்றேன்.

"கவுன்சிலரே, நம்ம பீடி சார் போயிட்டாக."

"எங்க?" என்று கேட்டேன். மனிதர் ஓய்வு பெற்ற பிறகு அடிக்கடி மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நினைப்பில் கேட்டது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"விருதுநகர்ல, வீட்லயேதான். தூக்கத்துல. காபி கொண்டுபோய் எழுப்பியிருக்காக, எந்திரிக்கல."

எங்கள் பேரூராட்சியில் நெடுங்காலம் சுகாதார ஆய்வாளராக இருந்த வேலுச்சாமி சாரைத்தான் ஊரே பீடி சார் என்றது. பாண்டியம்மாள் எங்கள் குப்பைக் கிடங்கின் வாசலைக் காப்பவர். நான் அந்தப் பேரூராட்சியில் ஒரு முறை கவுன்சிலராக இருந்தவன். போட்டி போட்ட இரண்டு பெரிய குடும்பங்களும் ஒருவரை ஒருவர் ஜெயிக்க விடக்கூடாது என்று பேசிவைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் இரண்டு பேருமே வாபஸ் வாங்கியதால், யாருக்கும் உபயோகமில்லாத நான் ஜெயித்தேன். பதவி போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பாண்டியம்மாளும் பீடி சாரும் மட்டும் கடைசிவரை என்னைக் கவுன்சிலரே என்றுதான் அழைத்தார்கள். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

நம் பட்டாசு, அச்சக முதலாளிகள் சங்க மலருக்கு வழக்கம்போல நகைச்சுவைக் கட்டுரைதான் கேட்டிருந்தார்கள். வேலுச்சாமி சாரைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், "அப்ப நகைச்சுவையை யாரு எழுதுறது?" என்றார் மலர்க்குழுவில் ஒருவர். அவரைப் பற்றி எழுதினால் அதுவும் வந்துவிடும் என்றேன். இந்த மலரைப் புரட்டுகிற உங்களில் பாதிப் பேரின் குப்பை லோடை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். மீதிப் பாதி பேர், திருப்பி அனுப்புவார் என்று தெரிந்து லோடே அனுப்பாதவர்கள். ஆகவே அவர் யார் என்று நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவருக்கு வெடி என்றால் பயம். பட்டாசு ஊரில் இப்படி ஓர் அதிகாரி! குழந்தைகள் வெடிக்கிற ஊசிவெடிச் சரத்துக்கே தோளைக் குறுக்கிக்கொள்வார். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் எவனாவது ஒரு லட்சுமி வெடியைப் பற்றவைத்தால், அந்தப் பெரிய உடம்பு என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கும். என் உடம்பின் அகலத்துக்கு அவருடைய வலது கை மட்டும்தான் மறையும்.

அடக்கத்தன்று இது வீட்டு வாசலிலேயே பேச்சானது. நம் பக்கத்தில் பெரிய மனிதரை வேட்டுப் போடாமல் அனுப்புவது கிடையாது. அவரோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய முதலாளிகள் போட்டி போட்டுக்கொண்டு சரவெடிப் பெட்டிகளை அனுப்பியிருந்தார்கள். பெட்டிகள் வாசலில் வந்து இறங்கின. அவர் மனைவி உள்ளேயிருந்து எழுந்து வந்து அவற்றைப் பார்த்தார்.

"வேண்டாம்யா" என்றார். "உசுரோட இருந்தப்ப ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிடுவாக. இப்பப் பொத்த அவுகளுக்குக் கை எந்திரிக்காது."

பெட்டிகள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின. அவ்வளவு பட்டாசு முதலாளிகள் நடந்துபோன ஊர்வலத்தில், செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தபோது எங்கள் குப்பைக் கிடங்குக்கு ஒரு புகழ் இருந்தது. மற்ற ஊர்களில் குப்பை எரிந்தால் புகைதான் வரும். எங்கள் ஊர்க் குப்பை பச்சையாகவும் சிவப்பாகவும் எரியும். ஆனைக்குட்டம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்து, "பச்சையா எரியுதே, இது யாரு கம்பெனி லோடா இருக்கும்?" என்று பந்தயம் கட்டுவார்கள். பட்டாசுக் கம்பெனியில் அன்றாடம் கூட்டிப் பெருக்குகிற கழிவில் வெடிமருந்துத் தூள் இருக்கும். அதைத் தனியாகப் பிரித்து, தனி இடத்தில், உரிய முறைப்படி அழிக்க வேண்டும் என்பது விதி. சீசன் நேரத்தில் யாருக்குப் பொறுமை? காகித வெட்டோடு மூட்டைகளையும் சேர்த்து லாரியில் போட்டு எங்கள் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பாண்டியம்மாளும் இன்னும் சில பெண்களும் அதை இரும்பு வாரியால் கிளறித் தரம் பிரிப்பார்கள்.

ஒருநாள் பாண்டியம்மாள் கிளறிய மூட்டை 'புஸ்' என்று சீறியது. கண் தப்பியது. இரண்டு புருவமும் போயின. நாங்கள் கவுன்சிலர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தோம். வேலுச்சாமி சார் மட்டும் புருவம் முளைக்கிறவரை தினமும் கிடங்குக்குப் போய் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். முளைத்ததும் ஒரு தீர்மானத்தோடு கூட்டத்துக்கு வந்தார். மருந்து கலந்த எந்தக் கழிவும் பேரூராட்சிக் கிடங்குக்குள் வரக்கூடாது. வாசலிலேயே ஒவ்வொரு லோடையும் சோதிக்க வேண்டும்.

"நல்லாருக்கே சார்! பூக்கடைத் தெருவுல வாசம் வரக்கூடாதுங்கிற மாதிரில்ல இருக்கு" என்றார் ஒரு கவுன்சிலர். அவருக்கு எம். புதுப்பட்டி ரோட்டில் கம்பெனி இருந்தது.

"கடையில வரட்டும் அண்ணாச்சி. குப்பையில வரக்கூடாது" என்றார் சார்.

சுகாதாரக் குழுத் தலைவன் என்ற முறையில் நான் தீர்மானத்தை முன்மொழிந்தேன். அது தீரம் என்று நினைத்துவிடாதீர்கள். மதியம் பரோட்டா வாங்கித் தருவதாகச் சார் சொல்லியிருந்தார்.

தீர்மானம் போட்டாயிற்று. லோடைச் சோதிப்பது எப்படி? லாரி நிறைய மூட்டை. ஒவ்வொன்றையும் பிரித்துக் கிளறினால் பாண்டியம்மாளின் கதைதான் திரும்ப நடக்கும். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது கிடையாது.

முதல் சோதனையை நான் கண்ணால் பார்த்தேன். கருப்பசாமி என்ற உள்ளூர் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, "வெறும் பேப்பரு சார்" என்றார். வேலுச்சாமி சார் வாழ்க்கையில் பீடி குடித்தவரில்லை. சட்டைப் பையிலிருந்து புத்தம் புதிய பீடிக்கட்டு ஒன்றையும் தீப்பெட்டியையும் எடுத்து நீட்டினார்.

"வெறும் பேப்பருதான? மேல ஏறி மூட்டையில உக்காந்து நிம்மதியா ஒண்ணு பத்த வைலே. குடிச்சு முடிச்சுட்டு வா, கேட்டைத் திறந்துவிடுறேன்."

கருப்பசாமி பீடியைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "சார், நான் பீடியை விட்டுட்டேன் சார்."

"எப்பலே விட்ட?"

"இப்பத்தான்."

வண்டி திரும்பிப் போனது. பீடி சார் என்ற பெயர் அன்று சாயந்திரமே வைக்கப்பட்டது. வைத்தது நான்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மறுக்க மாட்டேன்.

திரும்பிப்போன லோடுகளில் என் மச்சினனுடையதும் ஒன்று. அன்றைக்கு வீட்டில் ரசம் மட்டும்தான். "உங்க குப்பை சிநேகிதருகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியாதாக்கும்?" என்றாள் என் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். சார் ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடி ரசித்தார். பெட்டியைப் பாண்டியம்மாளிடம் கொடுத்து எல்லோருக்கும் பங்கு வைக்கச் சொன்னார். பிறகு என் தோளில் கை போட்டார்.

"பால்கோவா பிரமாதம் கவுன்சிலரே. மச்சினன் லோடும் இதே மாதிரி நயமா இருந்தா, வாங்க, நீங்களே மேல ஏறி உக்காருங்க. நீங்க வேற பீடி குடிக்கிறவுக."

நான் வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் வீடு திரும்பினேன். மச்சினன் கழிவுக்குத் தனி இடம் ஒதுக்கினான். எனக்குக் குழம்பு திரும்பக் கிடைத்தது.

சோதனை அருமையாக வேலை செய்தது. பட்டாசு ஊரில் பிறந்த எவனும் மருந்து மூட்டைமேல் உட்கார்ந்து தீக்குச்சி உரச மாட்டான். அது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. எல்லோரும் அப்படித்தான் என்று சாரும் நம்பினார், நாங்களும் நம்பினோம்.

தீபாவளிக்கு முந்திய நெருக்கடியில் ஒருநாள். லாரி தட்டுப்பாடு. கம்பம் பக்கத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்த ஒரு வண்டியை, ஊருக்கு வெறுமையாகத் திரும்புவானேன் என்று ஒரு கம்பெனி பிடித்துக் கழிவை ஏற்றி அனுப்பியது. டிரைவர் பெயர் முருகன். அன்று நானும் கிடங்கில் இருந்தேன். சார் வழக்கம்போலக் கேட்டார். டிரைவர் வழக்கம்போல, "பேப்பர் கழிவுன்னாங்க சார்" என்றார். சார் வழக்கம்போல பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் நீட்டினார்.

முருகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "காலையிலேர்ந்து ஒண்ணுகூடக் குடிக்கல. நல்லாருப்பீங்க சார்" என்று வாங்கிக்கொண்டு மளமளவென்று மேலே ஏறினார். மூட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பீடி உதட்டுக்குப் போனது. தீப்பெட்டியைத் திறந்தார்.

சார் கத்தினார். கத்தினார் என்று நான் சொல்கிறேனே தவிர, சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்தது. ஊசிவெடிக்கு என் முதுகில் ஒளிகிற அந்த மனிதர், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற அந்த மனிதர், லாரியின் பின்பலகையில் கால் வைத்து எம்பி முருகனின் காலைப் பிடித்து இழுத்தார். இருவரும் உருண்டு காய்கறிக் குப்பையில் விழுந்தார்கள். பாண்டியம்மாள் ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை இருவர் தலையிலும் கொட்டினார். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். நான் கிடங்குக்கு வெளியே ரோட்டில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது.

முருகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழாத குறையாகக் கேட்டார்: "ஏன் சார், பத்தவைக்கச் சொன்னதே நீங்கதான?"

சார் அழுகிய தக்காளிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"இம்புட்டு நாளும் நான் லோடைச் சோதிக்கல கவுன்சிலரே. டிரைவருக்கு இருக்கிற பயத்தைத்தான் சோதிச்சேன். பயம் தெரியாத ஆளு வந்தா என் சோதனை அவனைக் கொன்னுபோடும். இது எனக்குத் தோணவே இல்லை பாருங்க."

மூட்டைகளைப் பிறகு பக்குவமாக இறக்கிப் பார்த்தோம். மேலே காகிதம், அடியில் கூட்டிப் பெருக்கிய மருந்துத் தூள்.

பீடிக்கட்டை அங்கேயே ஈரக் குப்பையில் போட்டு மிதித்தார். உடை மாற்றக்கூட இல்லாமல், முருகனையும் என்னையும் அழைத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனார். முதலாளி எங்களைப் பார்த்ததும் எழுந்தார். வாடை அப்படி. சார் அபராதம் என்று பேசவில்லை, சீல் வைப்பேன் என்று மிரட்டவும் இல்லை. முருகனை முதலாளிக்கு எதிர் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"அண்ணாச்சி, இவரு வண்டியில நீங்க என்ன ஏத்தினீகன்னு இவரு முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. எனக்குச் சொல்ல வேண்டாம். இவருக்குச் சொல்லுங்க."

முதலாளி மோசமான ஆளில்லை. நம் எல்லோரையும் போலத்தான். பேரூராட்சிக்குப் பொய் சொல்ல அவருக்கு ஒரு கஷ்டமும் இருந்திருக்காது. நானே அதற்கு வார்த்தை எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் தலையில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த ஒருவரின் முகத்துக்கு நேரே அவருக்கு வாய் வரவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். மேசையைத் தடவினார். கடைசியில், "அடியில கொஞ்சம் மருந்துக் கழிவும் இருக்கு, தம்பி" என்றார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏத்தியிருக்கவே மாட்டேனே!"

"அதுக்குத்தான் சொல்லல" என்றார் சார், மிக மெதுவாக.

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தில் ஒரு வரி சேர்ந்தது. கழிவு ஏற்றும் இடத்தில், முதலாளியே நின்று, லோடில் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குச் சொல்ல வேண்டும். கிடங்கு வாசலில் பாண்டியம்மாள் டிரைவரிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: "உங்ககிட்ட யாரு சொன்னா, என்ன சொன்னாக?" பதில் தெரியாத வண்டி உள்ளே போகாது. டிரைவர்கள் உஷாராகிவிட்டார்கள். முதலாளி வந்து சொல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று அவர்களே நிற்க ஆரம்பித்தார்கள். மருந்து மூட்டை முற்றிலும் நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். எழுதினால் அவரே எழுந்து வந்து அடித்துவிடுவார். வெகுவாகக் குறைந்தது. குப்பை மறுபடியும் குப்பை நிறத்தில் எரிய ஆரம்பித்தது. பின்னர் எரிப்பதையும் நிறுத்தினோம்.

அந்த நாளை ஊர் வெகுகாலம் சொல்லிச் சிரித்தது. டீக்கடையில் நடித்துக் காட்டியவர்களில் நான் முதல்வன். அவர் மட்டும் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கம்பம் பக்கம் போகிற யாரைப் பார்த்தாலும், "முருகன்னு ஒரு டிரைவர், வாழைத்தார் ஏத்துவாரு, பார்த்தீகன்னா நல்லாருக்காரான்னு கேளுங்க" என்பார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு சங்கடமான பழக்கம். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் என் அச்சகக் கழிவை ஏற்ற வெளியூரிலிருந்து ஒரு புது டிரைவர் வந்தார். வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து கீழே போனேன்.

"பேப்பர் வெட்டு, மை துடைச்ச துணி, தின்னர் டப்பா. டப்பா காலிதான், ஆனா உள்ள ஆவி நிக்கும். பக்கத்துல நெருப்பு ஆகாது."

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குப்பைதான அண்ணாச்சி. இதைப் போய் யாரு இப்படி எறங்கிவந்து சொல்லுதாக?"

கடைசி டப்பாவை நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஒருத்தர் சொல்லச் சொல்லியிருக்காக" என்றேன்.

அவர் தலையாட்டினார். காதில் செருகியிருந்த பீடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். டப்பாக்களைத் தனியாக ஓரத்தில் ஒதுக்கிக் கட்டிவிட்டு, வண்டியை எடுத்தார்.