தட்டையடியும் கூரடியும்

பக்கத்து வீட்டில் காலையில் குழாயடியில் அலுமினிய அண்டாவை வைப்பார்கள். வெறும் அண்டாவில் முதல் தண்ணீர் விழுகிற சத்தம் ஒன்று உண்டு. கொஞ்ச நேரம்தான். அடி நனைந்து, தண்ணீர்மேல் தண்ணீர் விழத் தொடங்கியதும் சத்தம் குழைந்து, தாழ்ந்து, காணாமல் போய்விடும். அந்த முதல் சத்தத்துக்கு, நாகமலை புதுக்கோட்டையில் என் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருக்கும் கை நின்றுவிடுகிறது. வருத்தமா என்று கேட்டால் இல்லை. கை நிற்கிறது, அவ்வளவுதான். பல் பிடுங்கிய இடத்தை நாக்கு போய்த் தொட்டுவிட்டு வருவதைப் போல.

அந்தச் சத்தத்தை நான் ஒரு படகுக்குள் கேட்டேன்.

என் தம்பி ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தான். மழைக்குப் பின் குஞ்சு விட்டு, கோடையில் தண்ணீர் வற்றுவதற்குள் பிடித்துவிட வேண்டும். அவனும் அவன் ஆட்களும் லாரி டியூபில் உட்கார்ந்து, கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளித்தான் வலை போடுவார்கள். கரையில் தராசோடு அவன் மனைவி நிற்பாள். போன வருஷம் அவள் இறந்துபோனாள். காய்ச்சல் என்றார்கள், பிறகு ரத்தத்தில் என்னவோ என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. தம்பி அழவில்லை. அவன் முன்னால் நானும் அழவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு மிச்சம் இருந்தவன் அவன் ஒருவன். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போவேன், மீன் குழம்பு வைப்பேன், இருட்டுவதற்குள் திரும்புவேன். எனக்கென்று இருந்த வாரம் அந்த ஒரு நாள்தான்.

அவனுக்கு முன்னால் இரண்டு வழி கிடந்தது. குத்தகையை மறுபடி எடுத்துக் கண்மாயிலேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் தேவிபட்டினம் போய், அங்கே கடலில் நண்டு பிடிக்கும் சிநேகிதனோடு சேர்ந்துகொள்ளலாம். ‘ஒரு மோட்டார் போட்டோட வா, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்’ என்று அந்தச் சிநேகிதன் சொன்னானாம். இதைத் தம்பி ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னான், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு. காதில் விழாததுபோலக் குழம்புச் சட்டியை மூடினேன்.

பிறகு ஒருநாள் போன் வந்தது.

“யக்கா, ரிங் ரோட்டுல ஒரு காயலான்கடையில ரெண்டு அலுமினிய போட்டு வந்து கெடக்காம். மோட்டாரோட. பாக்க வாரியா?”

“போட்டப் பத்தி எனக்கு என்னடா தெரியும்?”

“எனக்கு மட்டும் என்ன தெரியும்? வா. ரெண்டு பேருமாச் சேந்து தெரியாமப் பாப்போம்.”

“கண்மாய்க்குத்தான?”

“வா, பாப்போம்.”

போனேன். வெயில் தகரமாக அடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் கோரிப்பாளையத்து பாய். எங்கேயோ மலையேறிப் போய், ஒரு படகுத் துறையில் கழித்துப்போட்ட சாமான்களை மொத்தமாக ஏலத்தில் எடுத்து வந்திருந்தார். கதவில்லாத பிரிட்ஜ்கள், துருப்பிடித்த ஆஸ்பத்திரிக் கட்டில்கள், கிரைண்டர் குழவிகள். அவற்றுக்கு நடுவே, பழைய டயர்களின்மேல், இரண்டு படகுகள். தண்ணீரையே மறந்துபோன முகம் இரண்டுக்கும்.

“வாங்கக்கா. ரெண்டும் ராசியான போட்டு. ஒரு ஆளு முங்குனதில்ல.”

“எப்படி பாய் சொல்றீங்க?” என்றான் தம்பி.

“முங்கியிருந்தா அங்கயில்ல கெடக்கும்? இங்க எப்படி வரும்?”

தம்பி சிரித்தான். அவன் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதைப் பார்த்தபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. சிரிக்கிறான் என்று மட்டும் தெரிந்தது, மணி எத்தனை என்று தெரிவதைப் போல.

ஒன்று தட்டையடி. கல்யாண வீட்டில் சோறு ஆறப்போடும் தாம்பாளத்தை நீட்டி இழுத்தாற்போல இருந்தது. இன்னொன்று கூரடி. அடிவயிறு கத்திபோலச் சரிந்து, மூக்கு மேலே தூக்கி, எதையோ மோப்பம் பிடிப்பதுபோல நின்றது. தம்பி போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துப் படித்திருந்தான் போல.

“இந்தத் தட்டையடிக்கு மொழங்கால் தண்ணி போதும்க்கா. பாசி வந்தா மோட்டாரத் தூக்கிவிட்டுட்டுக் கழியால தள்ளிக்கிறலாம். நம்ம கண்மாய்க்கின்னே செஞ்ச மாதிரி.”

“அப்ப அது?”

“அது ஆழம் கேக்கும். தண்ணிக்கடியில கருவேலக் கட்ட இருந்தா வயித்தக் கிழிச்சிரும். ஆனா அலைன்னு வந்தா அதுதான். தட்டையடிய அலை தூக்கித் தூக்கிப் போட்டுரும். இது வெட்டிக்கிட்டுப் போகும்.”

நான் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். தட்டையடி என்றால் தம்பி ஒத்தக்கடையில். கூரடி என்றால் ஞாயிற்றுக்கிழமை இல்லை.

இருவரும் படகுகளை விரலை மடக்கித் தட்டிப் பார்த்தோம். பாத்திரக்கடையில் அப்படித்தான் பார்ப்போம். இரண்டும் ஒரே மாதிரி ணங்கென்றன. ஓட்டை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பக்கத்தில் குளம் இல்லை, ஆறு மணலாகக் கிடந்தது.

“ஓஸ் பைப் இருக்கா பாய்?” என்று கேட்டான் தம்பி.

அண்டா ஒழுகுகிறதா என்று பார்க்க அண்டாவில்தான் தண்ணீர் ஊற்றுவோம். படகுக்கு வேறு மாதிரி பார்க்க வேண்டியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. பாய்க்குத்தான் தோன்றியது.

“மாப்ள, தண்ணியில போட்ட விடுவாய்ங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். போட்டுக்குள்ள தண்ணிய விடுறத இன்னைக்கித்தான்டா பாக்குறேன்.”

“நம்ம ஊருல தண்ணிதான பாய் வரணும்? போட்டு எங்க போகும்?”

போர் மோட்டாரைப் போட்டார் பாய். ரப்பர் குழாய் நெளிந்து, செருமி, தட்டையடிக்குள் தண்ணீரைக் கொட்டியது. அந்தச் சத்தம். வெறும் அலுமினியத்தில் முதல் தண்ணீர். முற்றம் முழுக்க அதிர்ந்து, பிறகு மெல்ல மெல்லத் தாழ்ந்தது. குறுக்குப் பலகை வரை நிரம்பியதும் இருவரும் மண்ணில் குனிந்து, தலையைச் சாய்த்து, அடியைப் பார்த்தோம். காய்ந்து கிடந்தது. ஒரு காக்கை வந்து விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தது.

அடுத்து கூரடி. மறுபடி அந்தச் சத்தம், இந்தமுறை இன்னும் ஆழத்திலிருந்து. பாதி நிரம்புவதற்குள் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணி வரிசையில் ஒரு முத்து திரண்டது. தொங்கியது. விழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

“தட்டையடிதான்டா. ஒரு சொட்டு இல்ல பாரு.”

கூரடிக்குக் கீழே குந்தியிருந்தவன் உள்ளங்கையை நீட்டி ஒழுகும் இடத்தில் பிடித்துக்கொண்டான். சொட்டு விழுந்தது. பார்த்தான். அடுத்த சொட்டு. ஆஸ்பத்திரியில் மனைவிக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது கட்டிலின் கால்மாட்டில் நின்று இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணைச் சிமிட்டாமல்.

மோட்டார்களையும் ஓட்டிப் பார்த்தோம். நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் ஒவ்வொன்றாக மாட்டி, கயிற்றைச் சுண்டினார் பாய். பெட்ரோலும் எண்ணெயும் கலந்த புகை. டிரம்முக்குள் தண்ணீர் வெறி பிடித்துச் சுழன்று, போக இடமில்லாமல் எங்கள் கால்களில் கொட்டியது. இரண்டும் ஓடின. மோட்டாரைக் காரணம் காட்டி எதையும் தள்ள முடியாது.

“அக்கா சொல்றதக் கேளு மாப்ள,” என்றார் பாய். “எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒழுகுறத வித்துப்புட்டு நாளைக்கு ஒங்கிட்ட சட்டையப் புடிக்கக் குடுக்க முடியாது. கண்மாய்க்குத்தான?”

“கண்மாய்க்குத்தான்,” என்றேன் நான்.

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு சாலையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ரிங் ரோட்டின் நடுத்திட்டு நெடுக அரளி, வெள்ளையும் சிவப்புமாக, லாரிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் எதிலும் முடிவுக்கு வர முடியாவிட்டால் பூக்கட்டிப் பார்ப்போம். சரி என்பதற்கு வெள்ளைப்பூ ஒன்று, வேண்டாம் என்பதற்குச் சிவப்புப்பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து, சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. எடுத்த பூ என்ன சொல்கிறதோ அதுதான். அப்புறம் பேச்சில்லை. தம்பி கல்யாணமே அப்படி முடிவானதுதான். வெள்ளை வந்தது.

“பூக்கட்டிப் பாப்போமாடா?” என்றேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. உப்புப் போட்டுக்கிறியா என்று கேட்பதைப் போல.

“வேணாம்க்கா.”

“ஏன்? ஒரு நிமிசம். பூ அந்தா இருக்கு.”

“பூ சொன்னாக் கேக்கணும்ல.”

பாய் சட்டென்று திரும்பி, ரப்பர் குழாயைச் சுருட்டப் போய்விட்டார்.

தம்பி எழுந்து கையைக் கைலியில் துடைத்தான். கூரடியின் மூக்கைத் தொட்டான். “ஒழுகுறது ஒரு விசயமே இல்லக்கா. நாலு ரிவெட்டுதான். அங்க போயி அடிச்சுக்கிறலாம்.”

அங்கே. எங்கே என்று நான் கேட்கவில்லை. காலில் ஈர மண் ஒட்டியிருந்தது. அதை டயர் ஓரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தேன், ரொம்பச் சுத்தமாக, விரல் இடுக்கு உட்பட.

கடை ஆட்கள் கூரடியைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். முற்றத்து மண் குடித்துவிட்டது. தம்பி கொண்டுவந்திருந்த குட்டியானை லோடு வண்டியில் ஏற்றியபோது படகின் வால் வெளியே நீண்டது. அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார்கள். வண்டி ஒத்தக்கடைப் பக்கம் திரும்பி நிற்கவில்லை. விரகனூர்ப் பக்கம், தேவிபட்டினம் போகிற ராமநாதபுரம் ரோட்டைப் பார்த்து நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் தம்பியின் துணிப்பை. பையின் வாயில் தராசுத் தட்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

அப்படியென்றால் பையைக் காலையிலேயே கட்டியிருக்கிறான், நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது. பிறகு என்னை எதற்கு வரச் சொன்னான்? அன்றைக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு அண்டாவில் தண்ணீர் விழும்போது கேட்டுக்கொள்கிறேன். சத்தம் அடங்குவதற்குள் பதில் வருவதில்லை. அடங்கிய பிறகு காபி ஆறிவிடுகிறது.

அவன் ஏறி உட்கார்ந்தான். வண்டி உறுமியது. பலகைக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீர் குலுங்கி, ரிவெட் வழியாகத் தாரில் சொட்டத் தொடங்கியது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டும். கண்ணில் பட்டதைத்தான் சொன்னேன்.

“உள்ள இன்னும் தண்ணி கெடக்குடா.”

“போற வழியில ஒழுகிரும்க்கா.”