பொதுவாப் பூட்டிவிடும்

சுப்புராஜ் முதன்முதலில் பார்த்தபோது சிவாஜினி கணினியைத் திட்டிக்கொண்டிருந்தார். இடது உள்ளங்கையில் சீனி, வலது கையில் பால் விடாத தேநீர். ஒரு நக்கு, ஒரு மிடறு, ஒரு வசவு. “மூதேவி, இவ்வளவு நேரமும் நல்லாத்தானே இருந்தனீ!” வேலைக்குச் சேர வந்தவனை ஏற இறங்கப் பார்த்தார். “இந்தியாவோ? இரும். உந்தச் சனியன் எழும்பட்டும், பேந்து கதைப்பம்.”

பேந்து என்றால் பிறகு என்று அவனே ஊகித்துக்கொண்டான். குடும்பத்தின் முதல் பட்டதாரி, எம்.சி.ஏ.வில் முதல் வகுப்பு. அவனாவது, தமிழில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பதாவது!

சிவாஜினி யாழ்ப்பாணத்துக்காரர். பிழை வந்தால் திரையை விரலால் சுண்டுவார், காதைச் சுண்டுவதுபோல. டோர்வல் விமான நிலையத்துக்கு உணவு அனுப்பும் ஒரு சமையற்கூடத்துக்கு அவர் மூன்று இணையச் செயலிகள் எழுதியிருந்தார். ஒன்று பயணிகளின் தனி உணவுகளைப் பதியும். ஒன்று எந்தத் தட்டு எந்த இருக்கைக்கு என்று சீட்டு அச்சிடும். ஒன்று லாரியில் ஏற்றியதைச் சரிபார்க்கும். மூன்றிலும் தனித்தனிப் பிரதியாக இருந்த தரவுத்தளத்தை ஒன்றாக்க வேண்டும். அதுவோ செயலிக்குள்ளேயே குடியிருக்கிற சின்னத் தரவுத்தளம். ஒன்றாக வைத்தால், முதலில் திறக்கும் செயலி உள்ளே புகுந்து தாழ் போட்டுக்கொள்ளும். மற்ற இரண்டும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

2007ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் ஒரு காலை, சிவாஜினி தொலைபேசியில் சொன்னார்: “பிள்ளையை விடுற கார்டெரியில நிக்கிறன், என்னைப் போக விடமாட்டன் எண்டு அழுகிறாள். நீர் டேட்டாபேஸை ஒரு அப்ளிகேஷனுக்குள்ளயும் விடாமல் சேர்வரில பொதுவாப் பூட்டிவிடும். வாறன்.”

சுப்புராஜ் பூட்டினான். எந்தச் செயலியும் தொட முடியாதபடி கெட்டியாகப் பூட்டினான்.

சிவாஜினி உள்ளே நுழையவும் சமையற்கூடத்திலிருந்து, தட்டுகளை அடுக்கி ஏற்றும் பாலாம்பிகை அழைக்கவும் சரியாக இருந்தது. ஒலிபெருக்கியில் அந்தம்மாவின் மூச்சு இரைத்தது. “பிள்ளை, ஸ்கிரீன் மூண்டும் வெறுமை! கச்சான் ஒத்துவராத சின்னப்பிள்ளை ஒண்டு இந்தப் பிளேனில போகுது. எந்த சீட் எண்டு தெரியேல்லை. தட்டெல்லாம் ஏத்தியாச்சு.”

“லொறியை விடாதேங்கோ, பாலாக்கா!”

“நான் சொன்னா ட்ரைவர் ஹென்றி கேப்பானோ?”

“லொறிக்கு முன்னால போய் நில்லுங்கோ!”

“கச்சான்னா என்னக்கா?” என்றான் சுப்புராஜ்.

“நிலக்கடலை! திண்டால் அந்தப் பிள்ளைக்குத் தொண்டை அடைச்சிடும்.” அதற்குள் திரையைப் பார்த்துவிட்டார். “ஏன் ஐசே பூட்டி வச்சிருக்கிறீர்?”

“நீங்கதானேக்கா பூட்டச் சொன்னீங்க!”

“நான் சொன்னது பல்ப் பூட்டுறமாதிரி!”

“எங்க ஊர்ல பல்ப மாட்டுவோம்க்கா. கதவத்தான் பூட்டுவோம்.”

சிவாஜினியின் விரல்கள் விசைப்பலகையில் நிற்கவில்லை. “உங்கட ஊரில மாட்டை வண்டியில என்ன செய்வீங்கள்?”

“பூட்…”

அவன் போட்ட பூட்டை நீக்கினார். தரவுத்தளத்தைச் செயலிகளின் பிடியிலிருந்து பிடுங்கி, மூன்றும் கேட்டு வாங்கும்படி சேர்வரின் பொது இடத்தில் அமர்த்தினார். பதிவுச் செயலி எழுந்தது. லாரிச் செயலி எழுந்தது. சீட்டுச் செயலி சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது.

“ஹோர்ன் அடிக்கிறான், பிள்ளை! என்னைப் பைத்தியம் எண்டுறான்!”

சிவாஜினி இந்த முறை செயலியைத் திட்டவில்லை. திரையைச் சுண்டவும் இல்லை. சட்டென்று திரை நிறைந்தது.

“இருபத்திரண்டு சீ!”

லாரிக் கதவு திறக்கும் ஓசை. தட்டுகள் இழுபடும் ஓசை. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

“எடுத்திட்டன்” என்றார் பாலாம்பிகை. “கச்சான் சோஸ்தான் ஊத்தி வச்சிருக்கு.”

சிவாஜினி இன்றும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறார். எல்லா அழைப்புகளையும் நாற்காலியில் சாய்ந்தபடிதான் எடுப்பார். டோர்வல் சமையற்கூடத்தின் எண் தெரிந்தால் மட்டும் எழுந்து நின்று எடுக்கிறார்.