லைன்ல நாலு வண்டி, டிவியில நாலு பேர்

எங்களுக்குள்ளே பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. ட்ரெய்லர் ஓட்டுகிறவன் எந்த ஏரியாவோ அதுதான் அவன் பேர். நான் ராயபுரம். என்னோடு ஒரே கம்பெனியில் ஓட்டிய மூன்று பேர் மணலி, எர்ணாவூர், வியாசர்பாடி. ஒரு தடவை மணலியின் சம்சாரம் ஆபீசுக்குப் போன் பண்ணி அவர் நிஜப் பேரைச் சொல்லிக் கேட்டார். போனை எடுத்த எர்ணாவூர், "அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்று வைத்துவிட்டான். மணலி பக்கத்தில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். யார்டில் பொட்டியை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குள் இறக்கிவிட்டு வர வேண்டும், வேலை அவ்வளவுதான். பொட்டி என்று நாங்கள் சொல்வது கன்டெய்னரை. தூரம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் கடலோர ரோட்டில் துறைமுக கேட்டுக்கு லைன் நிற்கும். ஒரு பக்கம் கல்லைக் கொட்டிய கரை, இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டின மட்டும் ட்ரெய்லர். ஒரு நாள் நிற்போம், சில சமயம் இரண்டு நாள். எதற்கு நிற்கிறது, எதற்கு நகர்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. "லைனை ஏன்னு கேக்காதடா, கண்ணு மட்டும் வெச்சுக்கினு இரு" என்பார் மணலி. எங்களில் மூத்தவர் அவர்தான். செல்போன் இருந்ததும் அவரிடம் மட்டும்தான்.

எர்ணாவூர் என்கிற ஏரியாவுக்குச் சற்று முன்னால் ரோட்டிலிருந்து ஒரு சந்து பிரியும். அதில் தெற்கத்திக்காரர் ஒருத்தர் மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசி மூட்டை அடுக்குகிற அறையில் ஒரு ஓரத்தை ஒதுக்கி, ஒரு டிவியும் கேம் மெஷினும் போட்டிருந்தார். லைனில் நிற்கிற டிரைவர்களை நம்பித்தான் போட்டார், ஏமாறவில்லை. அண்ணாச்சிக்கு அந்த ஆட்டத்தில் தலையும் புரியாது, வாலும் புரியாது. அவர் கவலையெல்லாம் நாங்கள் கையில் பிடித்து ஆடுகிற ரிமோட்டைப் பற்றித்தான். "மெதுவா அமுக்கும்வே! ரிமோட்டு உடைஞ்சா டிவில பறக்கானே, அவனா வந்து ஒட்டித் தரப் போறான்?"

நாங்கள் ஆடியது ஒரே ஒரு கேம். நாலு சூப்பர் ஹீரோ சேர்ந்த டீம், ஒரு நகரத்தையே வளைத்துப் போட்டிருக்கிற வில்லன், தெருத் தெருவாய் அவன் ஆட்கள். அவர்கள் பேசுவதெல்லாம் இங்கிலீஷ். எங்களுக்குப் புரியாது, அதனால் கதையை நாங்களே கட்டிக்கொண்டோம். வில்லன் ஒரு பிளாட் புரோக்கர் என்பது எர்ணாவூரின் முடிவு. "பாரேன், கட்டடத்தையெல்லாம் இடிச்சிகினே வர்றான். எவனோ அப்ரூவல் குட்த்துகிறான்."

ஹீரோக்களுக்கும் நாங்கள்தான் பேர் வைத்தோம். காரையே தூக்கி அடிக்கிற குண்டு ஆள் கிரேன், அது மணலிக்கு. கையிலிருந்து மின்னல் விடுகிற பெண் கரண்ட் அக்கா. எர்ணாவூர் வேறு யாரையும் அந்த அக்காவைத் தொட விடமாட்டான். பறக்கிறவன் காக்கா, அது நான். கையில் பெரிய கேடயத்தோடு ஒருத்தன் இருந்தான். அடிக்கவே மாட்டான், மற்றவர்கள் மேல் விழுகிற அடியைக் கேடயத்தில் வாங்கிக்கொள்வான். அவன் பேர் தகரம். அதை வேறு யாரும் கேட்கவில்லை, வியாசர்பாடிதான் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அடிபட்டவன் விழுகிற இடத்தில் சில சமயம் பச்சையாய் ஒரு உருண்டை உருளும். அதை எடுத்தால் உயிர் ஏறும். அதற்கு எங்களுக்குள் நடந்த சண்டையைக் கேட்டால் ரேஷன் கடை தோற்றுவிடும்.

"டேய் ராயபுரம், உனக்கு உயிரு ஃபுல்லாக்கீதுடா, அத எனுக்கு வுடு!"

"நீ மின்னல் வுட்டுக்கினு ஓரமா நின்னா எப்டி, வந்து பொறுக்கு!"

வியாசர்பாடி மட்டும் பச்சை உருண்டை பக்கத்திலேயே கிடந்தாலும் சுற்றிக்கொண்டு போவான். யாருக்கு உயிர் கம்மியோ அவன் வந்து எடுக்கட்டும் என்று மேலே கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கேட்டால், "தகரத்துக்கு எதுக்குப்பா அதெல்லாம்" என்று சிரிப்பான்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. மூன்று பேர் ஆட்டத்துக்கு, ஒருத்தன் வண்டிக்கு. எங்கள் நாலு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கும், கிளீனர் யாருக்கும் கிடையாது. வண்டிக் காவலில் இருக்கிறவன் லைன் நகர்ந்தால் மூன்று நீட்டு ஹாரன் அடிக்க வேண்டும், மற்றவர்கள் ஓடி வர வேண்டும். முன்னால் இடம் விட்டுவிட்டு நின்றால் பின்னால் இருக்கிறவன் ஒதுங்கிப் போய் அதை அடைத்துவிடுவான். தப்பு அவன் பேரில் இல்லை, அதுதான் லைன். மூன்று பேர் ஆடும்போது நாலாவது ஹீரோவை மெஷினே ஆட்டும். அது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அடி வாங்கும். அதனால் நான் ஒரு பட்டனை அழுத்தி அவனுக்குள் போய்க் காப்பாற்றிவிட்டு, மறுபடி அழுத்திக் காக்காவுக்குத் திரும்புவேன். இரண்டு பேரை மாற்றி மாற்றி ஒருத்தனே ஆட்டுவது எனக்குப் பழகியிருந்தது.

கடைசிக் கட்டத்தில் மட்டும் அந்த வித்தை எடுபடவில்லை. வில்லன் ஒரு கோபுரத்துக்குள் இருந்தான். தரையில் நாலு வட்டம். நாலு ஹீரோவும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வட்டத்தில் நின்றால்தான் கதவு திறக்கும். மெஷின் ஆட்டுகிறவன் நிற்கவே மாட்டான், யாரையாவது அடிக்கிறேன் என்று கிளம்பிவிடுவான். மூன்று வாரமாய் அந்த வாசலிலேயே செத்துக்கொண்டிருந்தோம்.

அந்த நாள் வியாசர்பாடி காலையிலிருந்தே குஷியாக இருந்தான். மறுநாள் விடிந்ததும் அவன் தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்து. ஒரே தாய்மாமன், அவன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தேதி வைத்து, இரண்டு தடவையும் அவன் லைனில் மாட்டிக்கொண்டு தள்ளிப்போயிற்று. மூன்றாவது தேதி வைத்தபோது தங்கச்சி சொன்னதை அவனே எங்களுக்குச் சொல்லிச் சிரித்தான்: "அண்ணா, நீ வராட்டியும் பரவால்ல. உன் மடிய மட்டும் ஒரு பொட்டியில போட்டு அனுப்பிடு." கம்மலை ஒரு சின்ன சிவப்பு டப்பாவில் வாங்கி, வண்டியில் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தான். நாங்கள் நின்ற இடத்துக்குச் சாயந்திரத்துக்குள் கேட்டுக்குள் போய் பொட்டியை இறக்கிவிடலாம். ராத்திரி வீட்டில் படுக்கலாம்.

மத்தியானம் வண்டிக் காவல் என்னுடையது. காலையிலிருந்து லைன் ஒரு சக்கரம் அசையவில்லை. வெயிலில் முன் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எர்ணாவூர் ஓடி வந்தான்.

"அண்ணாச்சி எங்கியோ நாலாவது ரிமோட்டும் அத்த மாட்டுற டப்பாவும் புட்சுகினு வந்துகிறாருடா. நாலு பேரும் நின்னா கதவு தொறந்துடும். வா!"

"வண்டி?"

"இன்னிக்கு இது நகராது. எழுதி வெச்சுக்கோ."

எழுதி வைத்துக்கொண்டிருக்கலாம். நான் போய்விட்டேன். அவன் கூப்பிட்டான் என்பது நிஜம். கூப்பிடாவிட்டாலும் இன்னும் பத்து நிமிஷத்தில் நானே போயிருப்பேன் என்பதும் நிஜம். சந்துக்குள் நுழைந்தபோது வியாசர்பாடி என்னைப் பார்த்து, "வண்டியாண்ட யாரு?" என்று கேட்டான். "அசையலப்பா, ஒரே ஆட்டம்" என்றேன். நான் சொன்னதை அவன் நம்பினான்.

கதவு திறந்தது. நாலு பேரும் நாலு வட்டத்தில் நின்று அது திறந்தபோது நாங்கள் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். உள்ளே வில்லன் வீடு உயரத்துக்கு இருந்தான். ஒரு ஆட்டம் என்று சொன்னது மூன்றாயிற்று. வெளியே ஹாரன் கேட்டது. அந்த ரோட்டில் எப்போதுதான் கேட்காது? மூன்று நீட்டாக அடிக்க வேண்டியவன் நான், நானோ உள்ளே காக்காவாய்ப் பறந்துகொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது எங்கள் நாலு வண்டியும் ரோட்டோரத்தில் தனியாய் நின்றன. முன்னால் நின்றவர்களைக் காணோம். பின்னால் நின்ற வண்டிகள் எங்களை ஒதுக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. மணலி கையெடுத்துக் கும்பிட்டு இடம் கேட்டார். யாரும் விடவில்லை. எங்களுக்குப் பின்னாலேயே இரண்டு நாளாய் நின்றிருந்த பெரிய மீசைக்காரர் ஒருத்தர் மட்டும் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஆடப் போனீங்களே, ஜெயிச்சீங்களா?"

"இல்லண்ணே" என்றேன்.

"அதுவும் இல்லியா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டு போனார். அவரும் கொஞ்ச தூரத்தில் டயர் வெடித்து ஓரங்கட்டினார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

வண்டிகளைத் திருப்பிக்கொண்டு போய் எர்ணாவூர் ஏரியாவையே தாண்டி, லைனின் வாலில் சேர்ந்தோம். இனி கேட்டைப் பார்க்க மறுநாள் மத்தியானம் ஆகும். வியாசர்பாடி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்டீரிங் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சாப்பாடு இறங்கியிருக்கும்.

"நீ காலீல ஃபர்ஸ்ட் பஸ்ஸுக்குப் போ" என்றேன். "உன் வண்டிய நான் நகத்துறேன்."

"கேட்ல பாஸுல இருக்கிற மூஞ்சியப் பாப்பான்டா. உன் மூஞ்சியக் காட்டுனா வுடுவானா?"

"கேட்டுக்குத்தானே உன் மூஞ்சி வேணும், லைனுக்கு எந்த மூஞ்சியா இருந்தா இன்னா?" என்றார் மணலி. "மத்தியானத்துக்குள்ள வந்துடு. போ."

விடிவதற்கு முன் அவன் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, சிவப்பு டப்பாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

லைனை ஏன் என்று கேட்கக் கூடாது என்பாரே மணலி, அன்றைக்குக் காலையில் அது ஓட ஆரம்பித்தது. முதல் நாள் மத்தியானம் வரை ஒரு சக்கரம் அசையாத லைன், ஐந்து வண்டி, பத்து வண்டி என்று நகர்ந்தது. வியாசர்பாடி வண்டியை முன்னால் விட்டு, இறங்கி, பின்னால் ஓடி, என் வண்டியில் ஏறி அதை நகர்த்தி, இறங்கி, மறுபடி முன்னால் ஓடினேன். எங்களுக்குப் பின்னால் புது டயரோடு அந்த மீசைக்காரர் வந்து சேர்ந்திருந்தார். நான் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாடா, ரெண்டு சம்சாரக்காரன் மாதிரி ஓடிக்கினேகீற!" என்றார். சிரிக்க மூச்சு இல்லை. கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்தி ஆள் மாறியதை நினைத்துக்கொண்டேன். அங்கே முட்டி வலித்ததில்லை.

ஒன்பதரைக்கெல்லாம் கேட் கண்ணுக்குத் தெரிந்தது. முன்னால் பத்து வண்டி. வியாசர்பாடி வரவில்லை. அவன் கையில் போனும் இல்லை. கேட்டில் ஆள் இல்லாத வண்டியை மறுபடி வாலுக்கே அனுப்புவார்கள், கம்பெனிக்கும் சொல்லிவிடுவார்கள்.

எர்ணாவூர் என்னைப் பார்த்தான், நான் மணலியைப் பார்த்தேன். மணலி இண்டிகேட்டரைப் போட்டு வண்டியை ஓரமாய் ஒடித்தார். நாலு வண்டியையும் இடது பக்கம் ஒதுக்கினோம். நான் இறங்கி ரோட்டில் நின்று, பின்னால் வருகிறவர்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். முந்தைய நாள் கும்பிட்டும் கிடைக்காத இடத்தைக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மீசைக்காரர் என் பக்கத்தில் நிறுத்தினார். "மறுபடியும் ஆடப் போறீங்களா?"

"இல்லண்ணே. ஒரு ஆள் வரணும். காது குத்துக்குப் போயிருக்கான். தாய்மாமன்."

அவர் கேட்டைப் பார்த்தார், எங்கள் நாலு வண்டியையும் பார்த்தார். "எனக்கும் நாலு தங்கச்சிடா" என்றார். வண்டியை நகர்த்தாமல் பீடியை எடுத்து, அவசரமே இல்லாமல் பற்ற வைத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் ஹாரனில் திட்டினார்கள். அவருக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது. எங்களுக்கு முன்னால் நின்ற பத்து வண்டியும் உள்ளே போயிற்று. எங்களுக்கும் கேட்டுக்கும் நடுவே ரோடு காலியாய்க் கிடந்தது, அதை அடைக்க அவர் யாரையும் விடவில்லை.

பீடி பாதி கரைந்தபோது எதிர்ப்பக்கம் ஒரு பைக் வந்து நின்றது. தங்கச்சி வீட்டுக்காரர் ஓட்டி வந்தார். பின்னால் வியாசர்பாடி. வேட்டி, நெற்றி நிறைய சந்தனம், கையில் ஒரு மஞ்சப் பை. ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடி வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, வண்டிகள் ஒதுங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, மீசைக்காரரையும் பார்த்தான். அவனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். பையிலிருந்து ஆளுக்கொரு லட்டு கொடுத்தான், முதல் லட்டு மீசைக்காரருக்கு. எங்களுக்குக் கொடுத்த பின் பை காலி.

"உனுக்கு?" என்றேன்.

"எனக்கு எதுக்குப்பா" என்றான்.

"அழுதுச்சா?"

"ஒரு ஊரே கேட்டுது. இத்தப் பாரு" என்று வேட்டியைக் காட்டினான். மடியில் கை அகலத்துக்கு ஈரம்.

மாற்றிக்கொள்ள நேரம் இல்லை. அதோடுதான் வண்டியில் ஏறினான். கேட்டில் பாஸ் பார்க்கிறவர் அட்டையில் இருந்த முகத்தையும் சந்தனத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாபா, மாப்ள கணக்கா வந்துகிற?" என்றார்.

"மாப்ள இல்ல சார், மாமன்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான். அடுத்து என் வண்டி.